புதுப்பிப்பு: பக்கத்துப் பள்ளியோடு பாஸ்கெட்பால் ஆட்டம் முடிந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: பக்கத்துப் பள்ளிப் பையன்கள் முழு கோர்ட்டிலும் பிரஸ் போட்டு, அதாவது பந்து கைக்கு வந்ததுமே நெருக்கி, மடக்குகிறார்கள், விதிப்படி 8 விநாடிக்குள் தாண்ட வேண்டிய பாதிக்கோட்டைப் பந்து தாண்டவே மாட்டேங்குது, எங்க பிளஸ் டூ பிள்ளைகள் என்ன செய்யலாம் என்று. நேற்று சாயங்காலம் பாளையங்கோட்டையில் ஆட்டம். ரெண்டு பாயிண்டில் ஜெயித்துவிட்டோம்!

"உங்க பசங்களைப் பந்தைத் தட்டிக்கிட்டே ஓட விடாதீங்க, நெட்டையா ஒருத்தனை நடுவுல நிறுத்துங்க" என்று சொன்ன அண்ணாச்சிக்குப் பெரிய நன்றி. அப்படியே செய்தோம். இரண்டு பேர் வந்து மூலையில் அமுக்கும் முன்னாலேயே பந்து நடுவில் நிற்பவன் கைக்குப் போய்விடும். அவன் திரும்பினால் எங்கள் பக்கம் மூன்று பேர், தடுக்க இரண்டே பேர். கூடைக்குப் பக்கத்திலேயே ஓடிப்போய்ப் போடுகிற லேயப் லேயப்பாக விழுந்தது. இரண்டாம் குவார்ட்டரிலேயே பிரஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

நாங்களாகக் கணக்குப் போட்டது காற்றை. ஆடி மாதம், திறந்தவெளி சிமெண்ட் கோர்ட், செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற மேல்காற்று. முதல் பாதியில் அவர்கள் எறிய வேண்டியது மேற்குக் கூடை, எதிர்காற்று. அதனால் 2-3 ஜோன் போட்டு (முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், அவரவர் இடத்தைக் காப்பது), 6.75 மீட்டர் மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே தாராளமாக எறிய விட்டோம். ஒன்றிரண்டுதான் விழுந்தது. கூடை மாறியதும் ஜோனை விட்டு, ஆளுக்கு ஓர் ஆளாகப் பிடித்தோம். அதில்தான் ஃபவுல் ஏறியது. கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் எங்கள் சென்டர் ஐந்தாவது ஃபவுலில் (ஐந்து ஆனால் திரும்ப ஆட முடியாது) வெளியே வந்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது. அவனைக் கொஞ்சம் முன்னாலேயே உட்கார வைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஆட்டம் அவர்கள் பள்ளியில். அங்கே கூரை உண்டு, காற்று உதவாது. ஜோனை நம்பலாமா அண்ணாச்சி?