பொருள்: பாடி எர்த்துக்குப் 'புவித்தொடுப்பு' சரிதானா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கார்களின் விளக்கு வயரிங் பற்றி ஒரு கையேடு எழுதி வருகிறேன். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். விளக்கின் மின்சாரம் வண்டியின் தகர உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பை மெக்கானிக்குகள் 'பாடி எர்த்' என்பார்கள். அதற்கு நம் குழுவின் கலைச்சொல் பட்டியலில் 'புவித்தொடுப்பு' என்று இருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை.

போன மாதம் என் பழைய ப்ரீமியர் பத்மினி காரில் வலது இண்டிகேட்டரைப் போட்டால் பார்க்கிங் விளக்குகளும் கூடவே மங்கலாகச் சிமிட்டின. அந்தப் பக்க ஹெட்லைட்டும் மஞ்சளடித்துக் கிடந்தது. பட்டறையில் ஃப்ளாஷரை (இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் கருவி) மாற்றினார்கள், அப்புறம் பல்பை மாற்றினார்கள், கடைசியில் ஸ்விட்சே போச்சு என்றார்கள். வீட்டுக்கு வந்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை விளக்குக் கிண்ணத்தின் தகரத்திலும் வைத்து ஹெட்லைட்டைப் போட்டேன். ஏறக்குறைய 1 வோல்ட் காட்டியது. எர்த் நன்றாக இருந்தால் 0.1, 0.2க்கு மேல் போகக்கூடாது. மட்கார்டுக்கு உள்ளே எர்த் கம்பி மாட்டிய போல்ட்டைக் கழற்றினால், கம்பி நுனியின் உலோக வளையமான லக்கின் அடியில் பொருக்குப் பொருக்காகத் துரு. உப்புத்தாளால் தகரம் பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். இரண்டு கோளாறும் ஒன்றாகப் போயின.

கணக்குப் போட்டால் வியப்பில்லை. 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் 4.6 ஆம்பியர் இழுக்கும். துருவில் 0.2 ஓம் தடை இருந்தால் போதும், 0.9 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். ஒளி கால்பங்கு குறையும். இண்டிகேட்டர் மின்சாரமோ, வண்டியின் ஆட்டத்தில் அந்தத் தொடுப்பு இன்னும் மோசமாகி நேர்வழி அடைபடும்போதெல்லாம், பார்க்கிங் பல்பின் இழைக்குள் புகுந்து, மற்ற பார்க்கிங் விளக்குகள் வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறது.

இதில் புவி எங்கே வந்தது? கார் நிற்பது நான்கு ரப்பர் டயர்மேல். வீட்டு எர்த்தில் கோளாறு இல்லாத நாளில் மின்சாரம் ஓடாது. அது காவலுக்கு மட்டும். காரில் ஒவ்வொரு விளக்கின் மின்சாரமும் நாள்தோறும் அந்த வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. நேர்மாறான இரண்டு வேலைக்கு ஒரே பெயர் வைத்தால் படிக்கிற பையன் குழம்பத்தான் செய்வான். ஜெர்மன்காரர்கள் வீட்டுக்கு 'எர்டே', காருக்கு 'மாஸ்ஸெ' என்று பிரித்தே சொல்கிறார்கள். பிரெஞ்சிலும் அப்படித்தான்.

என் பரிந்துரை: மீள்தொடுப்பு. கம்பிக்கு மீள்கம்பி.

—

ஐயா, வணக்கம்.

இருபது வருடம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வாதம் சரி, சொல் சரியில்லை. 'மீள்பதிவு', 'மீள்பார்வை' என்று படித்துப் பழகியவர்கள் 'மீள்தொடுப்பு' என்றதும் கழன்ற வயரைத் திரும்ப மாட்டுவது என்றுதான் நினைப்பார்கள். பேசாமல் 'எதிர்முனைத் தொடுப்பு' என்று வைத்துவிடலாமே? எல்லாக் காரிலும் நெகட்டிவ்தானே பாடியில்?

'சட்டகத் தொடுப்பு' (சட்டகம் என்றால் சேசி) என்றும் யோசித்தேன். ஆனால் உங்கள் பத்மினிக்குத் தனிச் சட்டகமே கிடையாது, பாடிதான் எல்லாம்.

—

தம்பி, 'மீள்' பற்றி நீங்கள் சொன்னது உறைத்தது. திரும்பப் பெறுகிறேன். (மீளப் பெறுகிறேன் என்று எழுதவிருந்தேன்!)

ஆனால் எதிர்முனை முடியாது. 1960களின் நடு வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும். பழைய மாரிஸ் மைனர் வைத்திருப்பவர் நம் கையேட்டை நம்பி பேட்டரியை மாற்றி மாட்டினால் டைனமோ என்னாவது? எந்த முனை என்று சொல்லாத பெயர்தான் வேண்டும். எதன் வழியாக என்று சொன்னால் போதும்.

'உடல்தொடுப்பு' என்றால் பொருள் எங்கோ போகிறது, விளக்கத் தேவையில்லை. அதனால் மேனித்தொடுப்பு. வண்டியின் மேனி என்று நாம் சொல்லாததா? 'முன் விளக்கின் மேனித்தொடுப்பில் துரு', 'மேனிக்கம்பி அறுந்திருக்கிறது' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. பட்டறையில் சொல்லிப் பார்த்தபோது சிரித்தார்கள். ஆனாலும் என்னவென்று கேட்காமலே பாடி எர்த்தைத்தான் காட்டினார்கள்.

கையேட்டில் முதல் இடத்தில் 'மேனித்தொடுப்பு, அதாவது பாடி எர்த்' என்று போடுகிறேன். வீட்டு வயரிங்குக்குப் புவித்தொடுப்பு அப்படியே இருக்கட்டும்.

ஃப்ளாஷருக்குச் 'சிமிட்டி' என்று எழுதியிருக்கிறேன். அதற்கும் ஏதாவது குறை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.