பிள்ளைகளைத் தங்கள் வாழ்க்கையை எழுதப் பழக்குவது எப்படி?

கேள்வி (ஆசிரியை):
வணக்கம். ஐந்தாம் வகுப்புக்கு மொழிப்பாடம் நடத்துகிறேன். ‘என்னைப் பற்றி’ என்று எழுதச் சொன்னால், பெயர், பிடித்த நிறம், பிடித்த விளையாட்டு என்று ஒரே அச்சில் வார்த்தது போன்ற கட்டுரைகள்தாம் வருகின்றன. அதே பிள்ளைகள் இடைவேளையில், நடந்ததை நடந்தபடி, குரலை ஏற்றி இறக்கி, கேட்பவர் சிரிக்கும்படி சொல்கிறார்கள். பேச்சில் இருக்கும் அந்த உயிர் எழுத்துக்கு வர என்ன செய்யலாம்? தன்வரலாற்று நூல்களை வாசிக்கக் கொடுப்பது உதவுமா, அல்லது சாதனையாளர்களின் கதையைப் படித்துவிட்டு, ‘எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் இல்லை’ என்று ஒதுங்கிவிடுவார்களா? பிழைகளை எப்போது திருத்துவது என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.

மறுமொழி 1 (எழுத்துப் பயிற்சியாளர்):
தலைப்பு மிகப் பெரிதாக இருக்கிறது அம்மா. உடம்பில் இருக்கும் ஒரு தழும்பு எப்படி வந்தது, தொலைந்துபோன ஒரு பொருள், முதன்முதலாகத் தனியாக இருந்த ஒரு மாலை என்று கைக்கு அடங்கும் ஒன்றைக் கொடுங்கள். எழுதும் முன், பக்கத்தில் இருப்பவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லட்டும். கேட்பவர் எந்த இடத்தில் ‘அப்புறம்?’ என்றாரோ, அங்கிருந்தே எழுத்தைத் தொடங்கலாம்.

முதல் வரைவில் சிவப்பு மை வேண்டாம், கேள்வி மட்டும் கேளுங்கள். என்னிடம் பயின்ற ஒரு சிறுமி, ‘தம்பி பிறந்தான். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது’ என்று முடித்திருந்தாள். அவனை முதலில் எங்கே பார்த்தாய், அப்போது உன் கையில் என்ன இருந்தது என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். மறு வரைவு இப்படி வந்தது: ‘பந்தை வைத்துவிட்டுக் கை கழுவி வரச் சொன்னார்கள். நான் வருவதற்குள் தம்பி தூங்கிவிட்டான். எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.’ மகிழ்ச்சி என்ற சொல்லை அவளே எடுத்துவிட்டிருந்தாள். அன்று தனக்கு உண்மையில் எப்படி இருந்தது என்பது எழுதும்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

பிழைதிருத்தம், தொகுப்பில் சேர்க்கவோ சுவரில் ஒட்டவோ ஒரு கட்டுரையைப் பிள்ளையே தேர்ந்தெடுத்த பிறகு வந்தால் போதும். பிறர் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், அந்த அக்கறை தானாக வரும்.

மறுமொழி 2 (நூலகர்):
வாசிப்பு கட்டாயம் உதவும். ஆனால் முழு நூலையும் கொடுக்காமல், எழுதியவரின் குழந்தைப் பருவத்திலிருந்து ஓரிரு பக்கங்களை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வையையும் கேட்கும் திறனையும் இழந்த ஹெலன் கெல்லரின் தன்வரலாறு 1903-இல் நூலாக வந்தது. அதில், சிறு வயதில் எரிச்சலில் புதிய பொம்மையைத் தரையில் அடித்து உடைத்ததையும், அப்போது கொஞ்சமும் வருந்தவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். அன்றே, ஒரு கையில் நீர் வழிய, மறு கையில் அவருடைய ஆசிரியை ‘நீர்’ என்ற சொல்லை விரலால் எழுதிக் காட்டும்போது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்று புரிகிறது. வீடு திரும்பியதும் உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து ஒன்றுசேர்க்கப் பார்க்கிறார், முதன்முறையாக வருத்தம் வருகிறது. இதைக் கேட்ட பிள்ளைகளிடம் அவருடைய சாதனைகளைப் பற்றிக் கேட்க வேண்டாம். ‘பொம்மையை உடைத்ததை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாமே, ஏன் சொன்னார்?’ என்று கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளுக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கையும் சொல்ல வேண்டும். 1942 ஜூனில், 13-ஆம் பிறந்தநாளுக்குக் கிடைத்த குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியவர் அவர். போர்க்கால நாட்குறிப்புகளும் கடிதங்களும் திரட்டப்பட வேண்டும் என்று 1944 மார்ச்சில் வானொலியில் ஓர் அமைச்சர் பேசியதைக் கேட்டபின், மறைந்து வாழ்ந்த இடத்திலேயே, தாம் எழுதியவற்றில் சிலவற்றை நீக்கியும் சிலவற்றைச் சேர்த்தும் திரும்ப எழுதினார். நாட்குறிப்பு என்றால் மனத்தில் வந்ததைக் கொட்டிவிட்டு மூடிவைப்பது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, அவர்கள் வயதை ஒட்டிய ஒருவர் இப்படித் தம் பக்கங்களைச் செப்பனிட்டார் என்பது மிகுந்த ஊக்கம் தரும்.

மறுமொழி 3 (குழந்தைகள் மனநல ஆலோசகர்):
மேலே சொன்னவை சரி. ஆனால் பெற்றோரை இழந்த பிள்ளையும், வீட்டில் அச்சத்தோடு வாழும் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கலாம். ‘என் மகிழ்ச்சியான நாள்’ என்ற கட்டாயத் தலைப்பு அவர்களைப் பொய் எழுதவே வைக்கும். எப்போதும் இரண்டு மூன்று தலைப்புகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்க விடுங்கள். ஆசிரியர் படிக்க வேண்டாம் என்று நினைக்கும் பக்கத்தை மடித்து ஒட்டிவைக்கும் உரிமையையும் கொடுங்கள். ஐக்கிய நாடுகள் அவையின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 13-ஆம் பிரிவில் கருத்தை வெளிப்படுத்தும் உரிமையையும் 16-ஆம் பிரிவில் அந்தரங்கத்துக்கான உரிமையையும் குழந்தைக்கு வழங்குகிறது. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

அதே நேரம், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று தெரிந்தால், உதவக்கூடியவரிடம் சொல்லியே ஆக வேண்டியிருக்கும் என்பதை, எழுதத் தொடங்கும் முன்பே வகுப்புக்குச் சொல்லிவிடுங்கள்.

ஆசிரியை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லா எழுத்துப் பணிக்கும் மதிப்பெண் இட வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் விதி. அதை என்ன செய்வது?

மறுமொழி 1 (எழுத்துப் பயிற்சியாளர்):
இரண்டு வரைவுகளையும் அருகருகே வைத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பதற்கு மட்டும் மதிப்பெண் இடுங்கள். என்ன நடந்தது, அதை எப்படி உணர்ந்தார் என்பவற்றுக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே வகுப்பில் அறிவித்துவிடுங்கள்.