பழ பிஸ்கட்: சுடும் பக்குவமும், பூவுக்கு வரும் பூச்சியும்

முதலில் அளவு. மைதா 150 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100, பொடித்த சர்க்கரை 60, வெனிலா கஸ்டர்ட் பவுடர் 20, டூட்டி ஃப்ரூட்டி 60, உடைத்த முந்திரி 30, ஏலப்பொடி அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. பேக்கிங் பவுடர் தேவையில்லை. போட்டால் ஓரம் கலைந்து பரவும்.

வெண்ணெய் விரல் அழுந்தும் பதத்தில் இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் பிஸ்கட் தட்டையாகப் பரவுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும்வரை குழைத்து, மாவைச் சலித்துச் சேர்த்து, பழத்தைக் கடைசியில் போடுங்கள். பிசையாமல் கூட்டிச் சேர்த்தால் போதும். 4 செ.மீ. கனத்தில் உருட்டி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, 7 மி.மீ. வில்லைகளாக நறுக்கி, முன்சூடு செய்த ஓவனில் 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். ஓரம் மட்டும் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். நடு மெத்தென்று இருந்தாலும் ஆறும்போது இறுகிவிடும்.

நறுக்கும்போது கத்தியில் பழம் சிக்கி வில்லை கிழிந்தால், பழத் துண்டு பெரிது என்று அர்த்தம். 5 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

*

டூட்டி ஃப்ரூட்டியை வீட்டிலேயே செய்பவர்களுக்கு: பப்பாளிக் காயின் வடிவத்தைப் பார்த்து வாங்குங்கள். பெண் மரத்துக் காய் உருண்டை, சதை மெல்லிசு. இருபால் பூ பூக்கும் மரத்துக் காய் நீளவாக்கில் இருக்கும், சதை தடிப்பு. ஒரே எடையில் அதிகத் துண்டு கிடைப்பது நீளக் காயில்தான்.

மகரந்த விஷயத்திலும் இரண்டும் வேறு. இருபால் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும். பெண் பூவுக்கு ஆண் பூவிலிருந்தோ இருபால் பூவிலிருந்தோ மகரந்தம் வந்தாக வேண்டும். வெளிர்நிறம், அந்தியில் மணம்: பப்பாளிப் பூ கூப்பிடுவது நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளை. பொழுது சாய்ந்தபின் மரத்தடியில் நின்றால், பூ முன்னால் அந்தரத்தில் சிறகடித்தபடி தேன் குடிப்பதைப் பார்க்கலாம். பெண் மரம் பிஞ்சை உதிர்த்தால், உரத்தைக் கூட்டுமுன் பக்கத்தில் ஆண் மரமோ இருபால் மரமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

செய்முறை: 500 கிராம் துண்டை வெறும் தண்ணீரில் கண்ணாடிபோல ஆகும்வரை வேகவைத்து வடிகட்டுங்கள். 300 கிராம் சர்க்கரையை ஒரு கம்பிப் பாகாக்கி அதில் ஓர் இரவு ஊறவிட்டு, வடித்து, மின்விசிறிக்கடியில் இரண்டு நாள் உலர்த்துங்கள். வேகாத துண்டைப் பாகில் போட்டால் சர்க்கரை அதன் நீரை வேகமாக இழுத்துவிடும். துண்டு சுருங்கித் தோல்போல ஆகும். பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் மெத்தென்று வராது.

*

அடுத்து, மாவில் சேரும் ஏலக்காய். இடுக்கி மலைத் தோட்டங்களில் ஏலச் சரம் தரையை ஒட்டிப் படரும். பூ விடியலில் விரியும், ஒரு நாளைக்குத்தான் இருக்கும். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பூ உதிர்ந்துவிடும். வருவது பெரும்பாலும் மலைத்தேனீயும், பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீயும். காலையில் மருந்தடித்தால் தேனீ சாகும், காய்ப்பிடிப்பும் போகும். அடித்தே தீர வேண்டுமென்றால் தேனீ நடமாட்டம் ஓய்ந்த பிற்பகலில் அடிப்பது நல்லது. மகசூல் குறைந்ததென்று மருந்தைக் கூட்டும் தோட்டங்களில் கெடுவது அந்த மகசூலேதான்.

சமையலுக்கு ஒரு குறிப்பு: காயை உடைத்து உள்ளே கறுத்துப் பிசுபிசுக்கும் விதையை மட்டும் இடியுங்கள். தோலோடு அரைத்தால் பிஸ்கட்டில் நார் தட்டும்.

*

பேரீச்சை சேர்ப்பவர்கள் டூட்டி ஃப்ரூட்டிக்குப் பதில் 80 கிராம் போட்டு, சர்க்கரையை 40 ஆகக் குறையுங்கள். ஊறவைக்க வேண்டாம். சீக்கிரம் கருகும் என்பதால் சூடு 150 டிகிரி போதும், நேரம் மூன்று நிமிடம் கூடும்.

பேரீச்சையில் பூச்சிக்கு வேலையே இல்லை. இயற்கையில் காற்று, தோட்டத்தில் மனிதக் கை. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. பெண் பாளை வெடித்த சில நாளுக்குள் ஆண் பூச்சரத்தின் சில இழைகளை அதனுள் செருகிக் கட்டுவார்கள். தவறினால் கொட்டையில்லாத சிறு காய்கள் நிற்கும், சரியாகப் பழுக்காது. எந்த ஆண் மரத்து மகரந்தம் என்பதைப் பொறுத்துப் பழத்தின் அளவும் பழுக்கும் காலமும்கூட மாறும். ஸ்விங்கிள் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1928இல் விளக்கிய விஷயம் இது.

*

உலர் திராட்சைக்கும் தேனீ தேவை என்று பலர் நம்புகிறார்கள். திராட்சைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். விதையில்லாத தாம்ஸன் ரகத்திலும் மகரந்தம் சேர்ந்துதான் காய் பிடிக்கிறது, விதை பாதியில் நின்றுவிடுகிறது, அவ்வளவே. முந்திரி அப்படியல்ல. மகரந்தம் ஒட்டும் தன்மையுள்ளது, எறும்பு, ஈ, தேனீ என்று யாராவது சுமக்க வேண்டும். பண்ருட்டிப் பக்கம் பூக்கும் பருவத்தில் தேயிலைக் கொசுவுக்கு (தளிரிலும் பூவிலும் சாறு உறிஞ்சும் பூச்சி) அடிக்கும் மருந்து இவற்றையும் சேர்த்தே கொல்கிறது.

*

இரண்டாம் நாளே பிஸ்கட் நமுத்துப்போகிறது என்றால், சூடு ஆறுமுன் டப்பாவை மூடியிருப்பீர்கள், அல்லது பழம் ஈரமாக இருந்திருக்கும். 140 டிகிரியில் ஆறு நிமிடம் மறுபடி சுட்டு, கம்பித் தட்டில் முழுக்க ஆறவைத்து மூடுங்கள்.