நண்பர் மேசைக்கே போகும் கண்டனக் குறிப்பு: கூடவே சொந்தக் கடிதம் வைக்கலாமா?

கேள்வி:
தூதரகத்திலிருந்து, அது இருக்கும் நாட்டின் வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு கண்டனக் குறிப்பு போக வேண்டும். அங்கே அந்தப் பிரிவைப் பார்க்கும் அதிகாரி, அனுப்புகிறவருக்கு நெடுநாள் நண்பர். உறைக்குள் கைப்பட நாலு வரி எழுதி வைத்தால் தப்பா? வாசகத்தைக் கொஞ்சம் மென்மையாக்கலாமா?

பதில் 1:
வைக்கவே வேண்டாம். இப்படிப்பட்ட குறிப்பு நோட் வெர்பால் என்ற வடிவத்தில் போகும்; அது படர்க்கையில், தூதரகம் அமைச்சகத்துக்கு எழுதுவது. கையெழுத்துகூடக் கிடையாது, முத்திரையும் சுருக்கொப்பமும்தான். அதோடு "மேலிடம் சொன்னதால் எழுதினேன், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று ஒரு தாள் போனால், இரண்டும் ஒரே கோப்பில் ஏறிவிடும். பிறகு அதே பிரச்சினையை எழுப்பும்போது அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். நண்பர் மாற்றலாகிப் போயிருப்பார், தாள் அங்கேயே இருக்கும்.

வாசகத்திலும் கை வைக்காதீர்கள். "கவலை", "ஆழ்ந்த கவலை", "கண்டனம்" எல்லாம் தனித்தனிப் படிகள். ஒரு படி இறக்கினால் நிலைப்பாடே மாறிவிட்டதாக எதிர்த்தரப்பு படிக்கும். கடுமை அதிகம் என்று தோன்றினால், அனுப்பும் முன் உங்கள் நாட்டிலுள்ள தலைமையகத்துக்கு எழுதிக் கேளுங்கள். முடிவில் வரும் மரியாதை வரியைக் கடுமையான குறிப்புகளில் விட்டுவிடுவதும் உண்டு; அதையும் அவர்களே சொல்லட்டும்.

பதில் 2:
நட்புக்கு இடம் தொலைபேசியில் இருக்கிறது. தூதரின் அனுமதியோடு, "நாளை காலை ஒரு குறிப்பு வருகிறது" என்று முன்கூட்டிச் சொல்லலாம். அன்றே உரையாடல் பதிவு எழுதிக் கோப்பில் சேர்க்க வேண்டும்: தேதி, நேரம், இருவரும் சொன்னது. பலர் அவர் சொன்னதை மட்டும் எழுதி, தாம் சொன்னதை விட்டுவிடுகிறார்கள். சிக்கல் வரும்போது தேடுவது அந்தப் பாதியைத்தான்.

பதில் 3:
வாஷிங்டனில் ஸ்பெயின் தூதராக இருந்த டுபுய் டி லோம், ஹவானாவில் இருந்த நண்பருக்கு எழுதிய சொந்தக் கடிதத்தில் அமெரிக்க அதிபர் மெக்கின்லியைப் பலவீனமானவர் என்றார். கடிதம் திருடுபோய், 1898 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் நாளிதழில் வெளியானது, பதவி விலகினார். தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு தூதரக அதிகாரியின் சொந்தக் கடிதங்களுக்கும் பாதுகாப்பு தருகிறதுதான். ஆனால் அச்சில் ஏறிய வரியை எந்தப் பிரிவும் திரும்பப் பெற்றுத் தராது.

கேட்டவர்:
அப்படியானால் நண்பருக்கு எழுதவே கூடாதா?

பதில் 1:
தாராளமாக எழுதுங்கள். வாழ்த்து, இரங்கல், பதவி உயர்வு, எதுவானாலும் தனி உறையில், வேறொரு நாளில், அலுவல் விஷயம் ஒரு சொல்கூட இல்லாமல். நட்பு இருப்பதைத் தூதரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வரைவை இன்னொருவர் எழுத, நீங்கள் விவரங்களை மட்டும் சரிபார்த்தால் போதும்.