காரைக்குடியில் பார்த்த பழைய படப் பைபிள், வாங்கலாமா?

கேள்வி: முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில், தேக்குத் தூண்களுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே தடியான இங்கிலீஷ் பைபிள் ஒன்று கிடக்கிறது. தோல் அட்டை, உள்ளே பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே வரைந்த படங்கள். ஆண்டு போட்ட பக்கத்தைக் காணோம். கடைக்காரர் 'முதல் பதிப்பு தம்பி' என்று சத்தியம் பண்ணுகிறார். நம்பலாமா?

கானாடுகாத்தான்வாசி: முதல் பதிப்பாவது ஒன்றாவது! டோரே படங்களோடு 1866இல் வந்த மூலப் பதிப்பு பிரெஞ்சு, பிரான்ஸில் தூர் என்ற நகரத்தில் அச்சானது. இங்கிலீஷில் எத்தனையோ தடவை அடித்துத் தள்ளியிருக்கிறார்கள், அதனால் அவர் சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேச ஆரம்பியுங்கள்.

பழையதாள்: ஒரு லென்ஸ் எடுத்துப் போங்கள். மரச்செதுக்கு அச்சு என்றால் கோடு கோடாகத் தெரியும், சீராகப் புள்ளி புள்ளியாக இருந்தால் பிற்காலத்து அச்சு. முக்கியமாகப் படங்களை எண்ணுங்கள் அண்ணே, நோவா வெள்ளப் படத்தை வெட்டிச் சட்டம் போட்டு விற்றிருப்பார்கள், தையல் ஓரத்தில் கத்தி பட்ட நறுக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

கேட்டவர்: சரி, பார்க்கிறேன். ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை நாலைந்து பக்கத்தில் இருக்கிறது, செல்லோடேப் போடலாமா?

பழையதாள்: ஐயோ, போட்டுவிடாதீர்கள்! பசை மஞ்சளாகித் தாளையே கெடுத்துவிடும்.