மணி வருவதற்குள்

அமுதா அக்கா: பாட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை என் நாய்க்குட்டி மணியை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். பத்து நாள்தான். பல் முளைக்கிற வயசு, எதைக் கண்டாலும் கடிக்கிறான்.

பாட்டி: வரட்டும். தோட்டத்தில் ஓடட்டும்.

செல்வி: தோட்டம்தான் பாட்டி எனக்குக் கவலை. வாசலில் அரளி இருக்கிறதே.

பாட்டி: அது உன் தாத்தா நட்டது

பாபு மாமா: மதில் கட்டும்போதே வெட்டலாம் என்றேன். யார் கேட்டீர்கள்?

சித்தி: அண்ணா, மறுபடியும் மதிலா

செல்வி: அரளியில் இலை, பூ, பட்டை எல்லாமே விஷம். காய்ந்து உதிர்ந்த இலையும் அப்படித்தான். பூவைப் போட்டுவைத்த தண்ணீரைக் குடித்தால்கூட ஆபத்து. நேராக இதயத்துடிப்பைக் குலைக்கும். அதன் பக்கத்தில் தொட்டியில் சைகஸ் இருக்கிறதல்லவா, குட்டைப் பனை மாதிரி? அது கல்லீரலைக் கெடுக்கும். விதைதான் ரொம்ப மோசம், ஒன்றிரண்டு விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து.

பாட்டி: நாய்க்கு மோப்பம் உண்டு. கசப்பைத் தின்னுமா

அமுதா அக்கா: பாட்டி, இவன் சோப்பையே தின்றவன்

சித்தி: 😱

பாபு மாமா: சனிக்கிழமை வந்து அரளியை வெட்டி அங்கேயே கொளுத்திவிடுகிறேன்.

செல்வி: கொளுத்தவே கூடாது மாமா! அந்தப் புகை நமக்கும் விஷம்.

பாட்டி: வெட்டச் சொன்னது யார்?

அமுதா அக்கா: வீட்டுக்குள் மணி பிளான்ட் இருக்கிறதே?

பாபு மாமா: மணிக்கு மணி பிளான்ட் ஆகாதா 😂

செல்வி: ஆகாது மாமா. கடித்தால் அதில் இருக்கும் ஊசி மாதிரியான படிகங்கள் வாயில் குத்தும். எரிச்சலில் எச்சில் ஒழுகும், வாந்தி வரும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனாலும் குட்டி துடித்துப்போகும். உயரத்தில் தொங்கவிட்டு, கீழே தொங்கும் கொடியை வெட்டிவிடுங்கள். கற்றாழையையும் மேலே வைக்க வேண்டும், அது வாந்தி பேதியைக் கொண்டுவரும்.

சித்தி: கற்றாழை என்றதும் ஞாபகம் வருகிறது. என் தொட்டியை யார் எடுத்துப் போனது?

அமுதா அக்கா: நான்தான் சித்தி. அப்புறம் தருகிறேன்

சித்தி: போன வருஷமும் இதையே சொன்னாய்

பாட்டி: அப்படியென்றால் எதைத்தான் வைப்பது? மொட்டைத் தரையா?

செல்வி: அய்யோ, நிறைய இருக்கிறது பாட்டி. ரோஜா, மல்லிகை, சூரியகாந்தி, ஜின்னியா எதுவும் நாய்க்கு விஷமில்லை. ரோஜாவில் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். உள்ளே ஸ்பைடர் பிளான்ட், அரேகா பாம் வைக்கலாம். ஆனால் விஷமில்லாத இலையையும் நிறையத் தின்றால் வயிறு கலங்கும். செடிக்குப் போடும் எலும்புத்தூளை மூடி வையுங்கள், அந்த வாசனைக்கு மண்ணையே தோண்டித் தின்னும்.

சித்தி: என் பூனைக்கும் இதே பட்டியல்தானா? லில்லி வைத்திருக்கிறேன்

செல்வி: சித்தி, இன்றே எடுத்துவிடுங்கள்! லில்லி பூனையின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், மகரந்தம் ஒட்டிய முடியை நக்கினாலே போதும்.

சித்தி: எடுத்துவிட்டேன்

அமுதா அக்கா: ஒருவேளை எதையாவது தின்றுவிட்டால்?

செல்வி: மருத்துவர் சொல்லாமல் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தச் செடியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே போங்கள். என்ன செய்கிறது பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

பாட்டி: சைகஸை எடுத்துக்கொண்டு போ. அரளியைச் சுற்றி வலை கட்டலாம்

செல்வி: உதிர்ந்த இலை வலைக்கு வெளியே பறந்து வருமே பாட்டி

பாட்டி: தினமும் பெருக்குகிறேன்

பாபு மாமா: சனிக்கிழமை வருகிறேன். அரிவாளா, வலையா?

பாட்டி: முதலில் நீ வா