பிளஸ் டூ முடித்த மகளுக்கு நீல முடி: வீட்டிலேயே அடித்துவிடலாமா?

மதுரைக்காரி:
பரீட்சை முடிந்த நாளிலிருந்து மகளுக்கு ஒரே பல்லவி, முடிக்கு நீலக் கலர் அடிக்க வேண்டுமாம். வயது 17. முதுகுவரை முடி, நல்ல கறுப்பு. பார்லரில் கேட்ட தொகைக்கு எங்கள் வீட்டு மளிகையே வாங்கிவிடலாம். அதனால் நானே கூட இருந்து வீட்டில் செய்துவிடலாம் என்று பார்க்கிறேன். அவள் அப்பாவுக்குச் சம்மதமில்லை. மாமியாரிடம் இன்னும் பேச்சையே எடுக்கவில்லை. திட்டுவதாக இருந்தாலும் காரணத்தோடு திட்டுங்கள்.

திருச்சி கணேசன்:
திட்டவில்லை சகோதரி. ஆனால் அடுத்து கவுன்சிலிங், அப்புறம் கல்லூரி. என் மகன் சேர்ந்த கல்லூரியில் முதல் வாரமே கலர் முடிக்காரர்களை வாசலில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடையாள அட்டையில் ஒட்டும் படம் நான்கு வருடத்துக்கு அப்படியே இருக்கும். பிள்ளை கேட்டதை எல்லாம் நாமே பக்கத்தில் நின்று செய்துகொடுத்தால், வேண்டாம் என்று சொல்ல வீட்டில் யார் இருப்பார்கள்?

நீலாம்பரி:
அங்கிள், என் வீட்டில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். எனக்கும் அப்போது 17. தோழி வீட்டு பாத்ரூமில் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு செய்தோம். கறுப்பு முதலில் வெளுத்தால்தான் நீலம் பிடிக்கும். சீக்கிரம் வெளுக்கட்டும் என்று, ப்ளீச் தூளோடு கலக்கும் டெவலப்பர் திரவத்தில் கடுமையான 40 வால்யூம் வாங்கினோம். உச்சந்தலையில் எரிந்தது, எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கொப்புளம். அம்மாவிடம் சொல்லப் பயந்து இரண்டு வாரம் இறுக்கிப் பின்னி மறைத்தேன். வேர் மஞ்சள், நுனி ஆரஞ்சு. அதன்மேல் நீலம் பூசியதும் வேர் பச்சையாகி, நுனி சேற்று நிறத்துக்குப் போனது. அக்கா, நீங்கள் கூட இருப்பதே பெரிய விஷயம். செய்யுங்கள்.

கத்தரிப்பூ:
14 வருடமாகப் பார்லர் வைத்திருக்கிறேன். மேலே பேசும்முன் ஒரு கேள்வி. பாப்பா தலைக்கு மெஹந்தி போடுவாளா?

மதுரைக்காரி:
மாதம் ஒரு முறை போடுவாள். கறுப்பாகப் பிடிக்கும் என்று போட்டிருக்கிற பாக்கெட்.

கத்தரிப்பூ:
அப்படியென்றால் கொஞ்சம் நில்லுங்கள். வெறும் மருதாணி இலை ஆரஞ்சுச் சிவப்பு மட்டும்தான் தரும். கறுப்பாகப் பிடிக்கிறது என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அவுரியாக இருந்தால் ப்ளீச் செய்தபின் பச்சை தங்கலாம், அவ்வளவுதான். சில பொடிகளில் உலோக உப்பு இருக்கும். அது டெவலப்பரில் உள்ள பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடாகி, புகைந்து, அறுந்து கையோடு வரும். பலவற்றில் பிபிடி என்கிற சாய மருந்து கலந்திருப்பார்கள். அது சிலருக்கு ஒவ்வாமை தரும், வேறு தலைவலி.

சீப்பில் வரும் முடியோடு பின்கழுத்திலிருந்து ஒரு கொத்து வெட்டி, பிளாஸ்டிக் கிண்ணத்தில் ப்ளீச் கலந்து அதில் போடுங்கள். உலோகக் கிண்ணம் வேண்டாம். சூடு, புகை, நாற்றம் எது வந்தாலும் அன்றோடு ஆசையை மூட்டை கட்டுங்கள். சாயத்தைக் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்க வேண்டும்.

திருச்சி கணேசன்:
நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள். இத்தனை ஆபத்து என்றால் எதற்கு?

கத்தரிப்பூ:
இல்லை சார். நீங்கள் கல்லூரி வாசலைப் பற்றிச் சொன்னீர்கள், நான் முடியைப் பற்றிச் சொல்கிறேன். சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்கிறேன்.

பூங்கொடி 72:
கணேசன் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தலைக்கு டை அடிப்பதுண்டா?

திருச்சி கணேசன்:
அடிப்பேன் அம்மா, மறைக்கவில்லை. மாதம் இரண்டு முறை. அது நரைக்கு. கறுப்பை நீலமாக்குவதும் இதுவும் ஒன்றா?

கத்தரிப்பூ:
ஒரு விதத்தில் உங்களுடையதுதான் கவனிக்க வேண்டியது. நிரந்தரக் கறுப்பு டை பெரும்பாலும் பிபிடி சமாச்சாரம். ஐரோப்பாவில் அந்த மாதிரி டை அடங்கிய பெட்டியில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அல்ல என்றே அச்சிடுகிறார்கள். நீலம், மெஜந்தா மாதிரி அரை நிரந்தரச் சாயங்கள் முடியின் மேலேயே உட்கார்ந்து மெல்ல மெல்லக் கழுவிப்போகும். அவற்றுக்கு டெவலப்பரே தேவையில்லை. பெரும்பாலும் பிபிடியும் இருக்காது, இருந்தாலும் லேபிளைப் படித்துவிடுங்கள். இங்கே தொல்லை சாயத்தில் இல்லை, அதற்கு முன்னால் போடும் ப்ளீச்சில்.

திருச்சி கணேசன்:
டை அடித்த மறுநாள் எனக்கு நெற்றியோரம் அரிக்கும். அதுவும் இதுதானா?

கத்தரிப்பூ:
இருக்கலாம். தோல் மருத்துவரைப் பார்க்கும்வரை டையைத் தொடாதீர்கள். ஒவ்வாமை என்றால் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகலாம், முகம் வீங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மதுரை அக்காவுக்கு: கறுப்பு முடி ஒரேயடியாக வெளுக்காது. பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படி இறங்கும். நீலம் நீலமாகத் தெரிய வேண்டுமானால் வெளிர் மஞ்சள்வரை போக வேண்டும். இவ்வளவு கறுப்பான முடிக்கு அது ஒரு நாள் வேலை இல்லை. மஞ்சளிலேயே நீலத்தைப் பூசினால் பச்சை, ஆரஞ்சில் பூசினால் சேறு. நீலாம்பரிக்கு நடந்தது அதுதான். சிவப்பும் மெஜந்தாவும் ஆரஞ்சுப் படியிலேயே பிடித்துக்கொள்ளும்.

வீட்டுக்கு 20 வால்யூம் போதும், அதாவது 6 சதவீதப் பெராக்சைடு. 40 என்பது 12 சதவீதம், அதை வாங்கவே வாங்காதீர்கள். வேரை கடைசியில் பூசுங்கள், தலைச்சூட்டில் அது முந்திக்கொண்டு வெளுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பாக்கெட்டில் போட்ட நேரத்தைத் தாண்டக் கூடாது. எரிந்தால் உடனே கழுவுங்கள். தூளைக் கலக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

நீலாம்பரி:
அக்கா, முழுத் தலைக்குமா?

கத்தரிப்பூ:
நானாக இருந்தால் செய்யமாட்டேன். காதுக்குக் கீழே, பின்பக்க அடி அடுக்கு மட்டும். மேல் முடியை விட்டால் மறைந்துவிடும், கொண்டை போட்டால் தெரியும். கணேசன் சாருக்கும் அடையாள அட்டைக் கவலை தீர்ந்தது.

திருச்சி கணேசன்:
தீரவில்லை. ஒளித்து வைத்துச் செய்வதைப் பெற்றோரே சொல்லிக்கொடுப்பதா? எனக்கு ஒப்பவில்லை. அரிப்பு விஷயத்துக்கு நன்றி.

மதுரைக்காரி (நான்கு நாள் கழித்து):
கொத்து வெட்டிப் பார்த்தோம். சூடும் இல்லை, புகையும் இல்லை. நாற்பது நிமிடத்தில் பழுத்த பப்பாளி நிறம் வந்தது, அதற்குமேல் அசையவில்லை. பாதிக்கு நீலம், பாதிக்கு மெஜந்தா பூசிக் காயவைத்தேன். நீலம் பூசிய பாதி பாசி பிடித்த கிணற்றுப்படி மாதிரி இருந்தது. மகள் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து நிமிடம் பேசவே இல்லை. அப்புறம் மெஜந்தா போதும், அடி அடுக்கு மட்டும் என்றாள். காதுக்குப் பின்னால் வைத்த பொட்டும் சும்மாதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறோம். சம்மதமில்லாத அப்பா கையுறை வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார், ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கறை படியும் என்று அவருடைய துண்டுகளை எல்லாம் எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டார்.